மஞ்சளாகவே நின்றது

ஏழு கண்ணாடிக் குழாய்களில் ஆறு சிவந்துவிட்டன.

ஏழாவது மஞ்சளாகவே நின்றது.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினைந்து நிமிடம் போதும். இருபத்திரண்டு ஆகியிருந்தது.

பள்ளிக்கூடத்தின் வேதியியல் அறை. பெஞ்சுகளில் கீழத்தெருப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டு போர் தண்ணீரைக் கொண்டு வந்து கொடுத்திருந்தார்கள். தெருக்கோடியில் முலாம் பூசும் பட்டறை வந்து மூன்று வருடம். கழிவு எங்கே போகிறது என்று கேட்டால் பட்டறைக்காரர் பேச்சை மாற்றுவார். பூமிக்குள் இறக்குகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் டீச்சரே இந்தச் சோதனையை இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

தர்பூசணி விதையை ஊறவைத்து அரைத்த சாறு. ஒரு சிட்டிகை யூரியா. இரண்டு சொட்டு மஞ்சள் சாயம். விதையில் இருக்கும் நொதி யூரியாவை உடைக்கும். உடைத்தால் சாயம் சிவக்கும். தண்ணீரில் செம்போ பாதரசமோ கலந்திருந்தால் நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிடும். மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.

இதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் புரியவா போகிறது என்ற மிதப்பு.

"நிறம் மாறினாத் தெரிஞ்சுபோகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அந்த ஒரு வரிதான் வினையானது.

முதல் குழாய் சிவந்ததும் ரங்கநாயகி தலையில் கை வைத்தாள். மூன்றாவது சிவந்தபோது யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சிவப்பு என்றால் அபாயம். இதைப் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

ஏழாவது, துளசிமணி வீட்டுத் தண்ணீர். பட்டறைச் சுவரை ஒட்டிய வீடு.

சாறு விட மறந்திருப்போம் என்று டீச்சர் ஆசைப்பட்டாள். புதுக் குழாய் எடுத்தாள். சாற்றை இரண்டு மடங்கு விட்டாள். காத்திருந்தாள்.

மஞ்சள்.

தண்ணீரில் அமிலம் இருந்தாலும் இப்படி நிற்கும். லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தாள். அமிலம் இல்லை.

எந்த உலோகம், எவ்வளவு என்பதைப் பெரிய ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இருக்கிறது என்பதைச் சொல்ல இந்த மஞ்சளே போதும்.

துளசிமணிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா டீச்சர், நம்மூட்டுத் தண்ணி மட்டும் மங்களகரமா நிக்குதுங்க!"

பக்கத்தில் மகள் மேகலா. கை நிறைய வளையல். ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்து முடிந்து தாய் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பிரசவ நாள் நெருங்கிவிட்டது.

"லாரித் தண்ணி ஒரு வாய் குடுக்கலீங்க இவளுக்கு. எல்லாம் நம்ம போர் தண்ணிதானுங்க."

டீச்சர் ஏழாவது குழாயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அக்கா, நாளையிலருந்து உங்கூட்டுல ஆளுக்கொரு குடம் புடிச்சுக்கறோங்க்கா."

"புடிச்சுக்கங்க. இதுக்கெல்லாம் கேக்கோணுமா?"

துளசிமணிக்கு எப்போதுமே தாராள மனசு.

பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. வீணாக்க மனமில்லாமல் அதை மகளிடம் நீட்டினாள். "குடி கண்ணு. வேர்த்து வழியுது பாரு."

மேகலா மூடியைத் திறந்தாள்.

"மஞ்சள் நல்லதில்லீங்க்கா."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தை டீச்சரே கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். துளசிமணிதான் அதிகம் சிரித்தாள்.

"மஞ்சளே நல்லதில்லைன்னா வேற என்னதான் டீச்சர் நல்லது?"

மேகலா சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்வரை கொண்டுபோன பாட்டிலை மேசையில் வைத்தாள். மூடியைப் போட்டுத் திருகினாள். மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

பிறகு, வளையல் குலுங்காமல், கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.