நாலாவது படிவம்

படிவம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது.

"தெருப் பேரைச் சுருக்கி எழுதியிருக்கீங்க. முழுசா எழுதணும்" என்றார் மிஸ் வெல்ச். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆலோசகர். சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நெல்டா கர்சாவுக்குத் தலை சுற்றியது. முதல் தடவை நீல மையில் கையெழுத்துப் போட்டது தப்பு, கறுப்புதான் வேண்டும் என்றார். அடுத்த தடவை நடுப்பெயருக்கு ஒற்றை எழுத்துப் போட்டது தப்பு. இப்போது தெருப் பெயர்.

எல்லாம் மகள் டெலைலாவுக்காகத்தான். பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே கல்லூரிப் பாடமும் படிக்கலாம், தேறினால் அது கல்லூரியிலும் செல்லும். டூயல் கிரெடிட் என்று பெயர். நெல்டா வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அவள் ஓட்டுவது அந்தப் பள்ளிக்கூடத்தின் பஸ்ஸைத்தான்.

கல்லூரி எண் ஒன்று, பள்ளி எண் ஒன்று, கடவுச்சொல் இரண்டு. போனுக்கு ஒரு குறியீடு வரும். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அது காலாவதியாகிவிடும். எதற்கு எது என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. புரிந்ததெல்லாம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பதிவு முடிகிறது. இன்று செவ்வாய்.

கிளம்பும்போதுதான் மேஜைத் தட்டில் இருந்த இன்னொரு படிவம் கண்ணில் பட்டது. பருத்தி ஆலை முதலாளி ஹாலிஸ்டரின் மகளுடையது. நீல மைக் கையெழுத்து, நடுப்பெயருக்கு ஒற்றை எழுத்து, மேலே 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை.

"இது மட்டும் எப்படிப் போச்சு, மிஸ்?"

மிஸ் வெல்ச் அந்தப் படிவத்தைக் குப்புறக் கவிழ்த்தார். "அது வேற. நீங்க நிதானமா எழுதிட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்லை."

அவசரமில்லையாம். நெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆலைக்காரர் மகளுக்கு ஒரு சட்டம், பஸ் ஓட்டுபவள் மகளுக்கு ஒரு சட்டம். போதாக்குறைக்கு இரண்டு வாரமாக டெலைலா சாயங்கால பஸ்ஸில் வருவதே இல்லை. மிஸ் வெல்ச் அறையில் வேலை இருக்கிறது என்கிறாள். பெண்ணிடம் வேலையும் வாங்கிக்கொண்டு படிவத்தையும் தள்ளுகிறாரா இந்த அம்மா?

அடுத்த நடை பஸ் எடுக்க நாலு மணி நேரம் இருந்தது. படிவத்தை நேராகக் கல்லூரியிலும் கொடுக்கலாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நெல்டா தன் வண்டியை எடுத்துக்கொண்டு நாற்பது மைல் போனாள். கல்லூரி வாசலில் நிறுத்தி, புதுப் படிவத்தை மடியில் வைத்து, கறுப்பு மையில், தெருப் பெயர் முழுசாக, நடுப்பெயர் முழுசாக எழுதி முடித்தாள்.

கவுன்டரில் இருந்தவர் மிஸ்டர் டூலி என்ற பெரியவர். படிவத்தைப் படித்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இதுல ஒரு குறையும் இல்லையே" என்றார், ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோல.

"இல்லைதானே. அப்புறம் என்ன, ஏத்துக்கோங்க."

"கம்ப்யூட்டர்ல ஏத்தலாம் மேடம். ஏத்தின அந்த நிமிஷம் இங்கே என்ன மார்க் இருக்கோ, அதை வச்சு முடிவு வந்துரும். இல்லைன்னு வந்துட்டா அடுத்த வருஷம்தான்." குரலைத் தணித்தார். "இதுல சேர எழுதின தகுதித் தேர்வுல பொண்ணுக்குக் கணக்குல மூணு மார்க் குறையுது."

நெல்டாவிடம் நன்றாக எழுதினேன் என்றுதான் டெலைலா சொல்லியிருந்தாள்.

"வியாழக்கிழமை மறுபடி எழுதறா. வெல்ச் டீச்சர்தான் பேர் கொடுத்திருக்காங்க. தினமும் சாயங்காலம் உட்கார வச்சுக் கணக்குச் சொல்லித் தர்றதாகவும் எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை காலையில மார்க் வந்துரும்."

"அதுவரைக்கும் இதை இப்படியே வச்சிருங்களேன்."

"முடியாதே. குறையில்லாத படிவம் வந்தா அன்னைக்கே ஏத்தியாகணும். குறை இருந்தாத்தான் திருப்பி அனுப்பலாம். அதுக்காகத் தாமதமாக் கொடுங்கன்னோ குறையோட எழுதுங்கன்னோ நாங்க யாரும் சொல்லவும் கூடாது. சொன்னா வேலை போயிடும்." அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நானும் இப்ப எதுவும் சொல்லலை."

ஆலைக்காரர் மகளுக்கு மார்க் போதுமாக இருந்திருக்கும், அதனால்தான் நீல மையோடும் அது போயிற்று என்று நெல்டாவுக்கு உறைத்தது. நீல மையும் நடுப்பெயரும் தெருப் பெயரும் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்க ஆரம்பித்தன. காலையில் மனசுக்குள் அந்த அம்மாவை என்னவெல்லாம் திட்டினோம் என்று நினைத்தபோது காது சூடாகிவிட்டது. கவுன்டரில் கிடந்த படிவத்தை மெல்ல இழுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, பஸ்ஸை நிறுத்திவிட்டு, மிஸ் வெல்ச் அறைக் கதவைத் தட்டினாள். டெலைலா கணக்கு நோட்டைச் சட்டென்று மூடினாள். நெல்டா அதைப் பார்க்காததுபோல, கல்லூரியில் காட்டியதைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, புதிதாக எழுதிய நாலாவது படிவத்தை நீட்டினாள்.

மிஸ் வெல்ச் வாங்கிப் பார்த்தார். கறுப்பு மை. நடுப்பெயர் முழுசாக. தெருப் பெயர் முழுசாக. அவர் முகம் வாடியது. பிறகு கடைசி வரிக்கு வந்தார்.

"கையெழுத்துப் போட மறந்துட்டீங்களே, மிஸஸ் கர்சா."

"ஆமா மிஸ்" என்றாள் நெல்டா. "வெள்ளிக்கிழமை காலையிலதான் ஞாபகம் வரும்."