இருபத்தேழாம் நம்பர்

"இருபத்தேழாம் நம்பரை இந்தக் கதிக்கு ஆளாக்கினது யாரு?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே டாக்டரம்மா கேட்டார். பதில் சொல்ல அறையில் உதவியாளர் ஒருவர்தான் இருந்தார்.

கல் அறுக்கும்போது பறக்கிற தூசியைச் சுவாசித்தால் எலியின் நுரையீரல் என்ன ஆகும் என்று பார்க்கிற ஆய்வுக்கூடம் அது. எந்த ஸ்லைடு எந்தக் கூண்டு எலியுடையது என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியக்கூடாது. எண் மட்டும்தான் தெரியும். பட்டியல் உதவியாளரின் பூட்டிய மேசை அறையில் இருக்கும்.

"என்னம்மா இருக்கு அதுல?"

"என்ன இல்லைன்னு கேளுங்க. மூச்சுக்குழாய்ச் சுவர் தடிச்சுப்போச்சு. உள்ளே சளி அடைச்சுக் கிடக்கு. தூசியை விழுங்கின செல்லெல்லாம் வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கு. அளவுக்கு மேல கொட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. எடை போட்டுத்தான் வைக்கிறேன்."

"பொய் சொன்னா மெமோதான். ஒரு வருஷ உழைப்பு வீணாப் போயிடும்."

உதவியாளர் தலையைச் சொறிந்தார். மேசை ஓரத்தில் குவார்ட்டர்ஸ் கேட்டு அவர் கொடுத்த மூன்றாவது மனு, டீ கிளாசுக்கு அடியில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

"அம்மா, அந்த மனு..."

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்களா? வீட்டுக்குப் பின்னால கல் பட்டறை இருந்தா ஜன்னலைச் சாத்துங்க."

"சாத்தித்தான் வச்சிருக்கோம். பாப்பாவுக்கு இருமல் நிக்கலை."

"குழந்தைன்னா இருமத்தான் செய்யும். இருமுறவங்களுக்கெல்லாம் குவார்ட்டர்ஸ் கொடுத்தா நான் வராந்தாவுல படுக்கணும். ஆதாரம் இருந்தா பேசுங்க."

"சரிம்மா."

"இருபத்தேழுக்கு வாங்க. பாவம், வாயில்லாத ஜீவன். மாசக்கணக்கா இந்தத் தூசியிலேயே கிடந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தானாவே செத்திருக்கும். எந்தக் கூண்டு? பட்டியலை எடுங்க."

உதவியாளர் பூட்டைத் திறந்து, பட்டியலை எடுத்து வைத்தார். டாக்டரம்மாவின் விரல் இருபத்தேழில் வந்து நின்றது.

"ஒன்பதின் கீழ் ரெண்டா? இப்படி ஒரு கூண்டே நம்மகிட்ட இல்லையே?"

"அது எங்க வீட்டுக் கதவு நம்பரும்மா," என்றார் உதவியாளர். "போன வாரம் பாப்பா கட்டிலுக்கு அடியில பொறி வச்சுப் பிடிச்சேன்."