அஞ்சாம் நம்பர் ஸ்டாப்

“அஞ்சாம் நம்பர் ஸ்டாப்பு மட்டும் ஞாபகம் இல்ல, வுடும்மா,” என்றார் கோதண்டம்.

ஷெர்லின் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? மற்ற ஸ்டாப்புகளை மனுஷர் அப்படியே ஒப்பித்திருந்தார். “மூணாவது கரசங்கால். பிரவீனா ஏறும். ஏறினதும் ஜன்னல்ல சாஞ்சிக்கினு தூங்கிடும். நாலாவது படப்பை. அங்க ஏறுற கும்பல் கீதே, பாட்டை மாத்து, பாட்டை மாத்துன்னு என் உயிரை வாங்கும். அது ஒரு காலம்மா!”

படப்பையில் நிவாஸ் நடத்தும் டியூஷன் சென்டரின் மாடியில் புதிதாகச் சேர்ந்திருந்த குழு அது. புள்ளிவிவரங்களை இணையத்தில் ஓடும் படமாக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஷெர்லினின் ஆசை. வெப்சைட் வேலை அவளுடையது, கணக்கு நிவாஸுடையது. தொழிற்சாலை விஷயங்களுக்கு இசக்கிசெல்வி. மூடிப்போன ஒயரிங் கம்பெனியில் லைனில் நின்றவள். அங்கே பஸ் ஓட்டிய கோதண்டத்தை இழுத்து வந்ததும் அவள்தான்.

அந்த பஸ் எந்த ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் நின்றது என்ற பழைய பதிவுகள்தான் குழுவின் முதல் வேலை. அடுத்த ஞாயிறு பழைய தொழிலாளர்கள் எல்லாரும் ஒன்றுகூடும்போது திரையில் காட்ட வேண்டும். பதிவில் ஸ்டாப்புகளுக்கு நம்பர்தான் இருந்தது, பெயர் இல்லை. பெயர் சொல்லத்தான் கோதண்டம்.

“பாருங்க அங்கிள்,” ஷெர்லின் லேப்டாப்பைத் திருப்பினாள். “எல்லா ஸ்டாப்பும் பச்சை. அஞ்சு மட்டும் தினமும் சிவப்பு. வண்டி சும்மா நின்னுக்கினு இருந்திருக்கு. கம்பெனிக்கு லேட்டாப் போனதே இதனாலதான். இப்படியே காட்டினா அத்தனை பேர் முன்னாடியும் உங்க பேரு கெட்டுடும். எதுனா காரணம் இருந்தா சொல்லுங்க, படத்துக்குக் கீழே குறிப்பாப் போட்டுடறேன்.”

கோதண்டத்தின் முகம் வாடிவிட்டது. அந்த லேட்டுக்காக அப்போதே மெமோ வாங்கியவர். தன் வண்டியில் வந்த பிள்ளைகள் முன்னால் மறுபடியும் அதே அவமானமா என்று மனசு அடித்துக்கொண்டது.

“டீ குடிச்சேம்மா. அப்படியே போட்டுடு.”

“டீயா!” இசக்கிசெல்விக்கு வந்ததே கோபம்! “நல்லாருக்கு அண்ணாச்சி! சேர்ந்ததுலருந்து கம்பெனிய மூடுத வரைக்கும் ஒருநாள்கூட பஸ்ஸ விட்டதில்லன்னு அட்டெண்டன்ஸ் பரிசே வாங்குனவ நான். நாங்கல்லாம் அரக்கப்பரக்க ஓடிவந்து ஏறுவோம், நீங்க ஒய்யாரமா டீ குடிச்சியளாக்கும்? உங்களால டிபன்கூட திங்காமல்லா லைன்ல போயி நின்னோம்!”

“தப்புதாம்மா. இன்னா பண்றது, டீன்னா எனக்கு அப்படி ஒரு பைத்தியம்.”

“விடுங்க, பழைய கதை,” என்று நிவாஸ் சமாதானம் செய்தான். “ஷெர்லின், பஸ்ஸை ஓட விடு.”

திரையில் குட்டி மஞ்சள் பஸ் கிளம்பியது. தாம்பரம், மண்ணிவாக்கம் என்று ஒவ்வொரு பெயராக ஒளிர, இசக்கிசெல்வியின் கோபம் போன இடம் தெரியவில்லை. “ஏ, இந்தா பிரவீனா ஸ்டாப்பு! இந்தா நம்ம பாட்டுக் கும்பல்!” என்று கை தட்டினாள். பெயரில்லாத சிவப்பைத் தாண்டி, வஞ்சுவாஞ்சேரியைத் தாண்டி, பஸ் ஒரகடம் கம்பெனி கேட்டில் போய் நின்றது.

அவள் கை அந்தரத்தில் நின்றது. விரல் திரையில் பின்னோக்கி நகர்ந்தது.

“எல்லாரு ஸ்டாப்பும் இருக்கு... நான் ஏறுன ஸ்டாப்பு எங்க, அண்ணாச்சி?”