இந்த மாதத்து முப்பது

பெரிய டாக்டர் பிரசவ அறைக்குள் வந்ததும் கட்டிலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

சுவரில் வெள்ளைப் பலகை. 'இந்த மாதம் சிசேரியன்' என்பதற்குக் கீழே 30 என்று எழுதியிருந்தது. மாதத்துக்கு முப்பதைத் தாண்டக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

"முப்பது ஆயிடுச்சே சிஸ்டர். நாளைக்கு ஒண்ணாம் தேதி. அதுவரைக்கும் பாக்கலாம்."

தலைமை நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டிலில் இருந்தவளுக்கு அது தலைப்பிரசவம். நர்ஸின் கோட்டு நுனியைப் பிடித்த பிடியை அவள் விடவே இல்லை. வயிற்றில் கட்டியிருந்த கருவியிலிருந்து காகிதம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு நூற்றுநாற்பதிலிருந்து எண்பதுக்கு இறங்கி, திரும்ப ஏறுவதற்குத் திணறியது.

மணி காலை பதினொன்று. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று மணி நேரம் இருந்தது. வயிற்றுக்குள் இருக்கும் உயிருக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?

இந்த முப்பதை நிரப்பியது யார் என்று நர்ஸுக்குத் தெரியும். ஒருத்திக்கு வலி ஜோராக வந்துகொண்டிருந்தது, ஆனால் டாக்டருக்கு வெளியூர்ப் பயணம். அப்பா பிறந்த தேதியிலேயே பிள்ளையும் பிறக்கட்டும் என்று ஒரு குடும்பம் கேட்டது, டாக்டர் தலையாட்டினார். இன்று காலை முப்பதாவது. ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சிசேரியனைக் குறைப்பது பற்றி அவருக்கு ஒரு கூட்டம் இருந்ததாம்.

ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் பொறுங்கள் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. இரண்டு மணி நேரம் பொறுக்காத மனிதர் இப்போது பதின்மூன்று மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்!

காகிதத்தைக் கிழித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் மறுபடியும் பலகையைத்தான் பார்த்தார்.

இவரிடம் குழந்தையைக் காட்டிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அவர் கை கழுவத் திரும்பிய நேரத்தில் உள்ளங்கையால் பலகையைத் துடைத்தாள். 29 என்று எழுதினாள்.

"நான்தான் தப்பாக் கூட்டிட்டேன் டாக்டர். இருபத்தொன்பதுதான் ஆயிருக்கு."

அவர் முகம் தெளிந்தது. "அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? தியேட்டருக்குக் கொண்டு போங்க."

இருபது நிமிடத்தில் பெண் குழந்தை வீரிட்டு அழுதது. கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

தலைமை நர்ஸ் திரும்பி வந்து பலகையில் 30 என்று எழுதினாள்.

தேவையில்லாமல் கத்தி வைத்த ஒவ்வொரு வயிற்றையும் இரண்டு வருடம் ஒரு நோட்டில் குறித்துவைத்தவள் அவள். அந்த நோட்டோடு மேலிடத்துக்கு நடையாய் நடந்து, எண்ணிக்கையையாவது எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதி வையுங்கள், கொஞ்சம் பயமாவது வரட்டும் என்று மன்றாடி, இந்தப் பலகையை மாட்ட வைத்தவளும் அவள்தான்.

பயம் வந்திருந்தது. பலகையில் ஏறிய முதல் பொய் அவள் கையெழுத்திலேயே இருந்தது.