நித்திரை என்று தேடினால்

“எழுதின ஆளைப் பிடிக்காமல் இண்டைக்கு ஒருத்தரும் சாப்பிடப் போறேல்லை” என்றபடி குகதாசன் கதிரையை இழுத்து, யதுர்ஷிகாவின் கணினிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்கந்தபுரம் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரரின் சம்மேளனம் ஒன்றுக்குச் செயலாளர் அவர். அவர்மீது யாரோ முறைப்பாடு எழுதிப் போட்டுவிட்டார்கள். தலைமையகம் எழுதியவரின் பெயரை எடுத்துவிட்டு, விசயத்தை மட்டும் காலையில் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது. இரண்டு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் பதவியிலிருந்து விலகி நிற்கவேண்டுமாம். ஒன்பது வருடப் பதவி. அலுவலகத்துக்குள் இருக்கும் யாரோ எரிச்சலில் செய்த வேலை இது என்று காட்டிவிட்டால் தப்பிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதியிருக்கினம், சேர்?” என்று கேட்டாள் கணினி உத்தியோகத்தர் யதுர்ஷிகா.

குகதாசன் தொண்டையைச் செருமினார். “‘செயலாளர் கூட்டங்களில் நித்திரை கொள்கிறார். தட்டி எழுப்பினால், கண்ணைத் திறக்காமலே ஏகமனதாக நிறைவேறியது என்கிறார்.’ அண்டப்புளுகு, பிள்ளை. நான் கண்ணை மூடி யோசிக்கிறனான்.”

பக்கத்து மேசையில் இலிகிதர் பிரேமிளா ஒரு கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. குகதாசனுக்குச் சந்தேகமே அவர்மேல்தான். மாங்குளம் கிளைக்கு அவரை மாற்றும் கடிதத்தைக்கூட அடித்து, திகதி மட்டும் போடாமல் வைத்திருந்தார்.

யதுர்ஷிகா கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தாள். எல்லாருடைய மின்னஞ்சல் பெட்டிகளிலும் நேற்றுவரை கிடந்த கடிதங்களை வெறும் எழுத்துக் கோப்புகளாக ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தாள்.

“ஒவ்வொரு கடிதமாத் திறக்கத் தேவையில்லை, சேர். ஒரு கட்டளை அடிச்சால் போதும். அந்தச் சொல்லுக் கிடக்கிற வரியெல்லாம் வந்து நிக்கும். முதல்ல ‘நித்திரை’ எண்டு தேடுறன்.”

திரை மளமளவென்று நிரம்பியது. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.

“இவ்வளவு பேரோ?” குகதாசனுக்கு வியர்த்துவிட்டது.

“இல்லை சேர், இது யானை. ‘யானைக் கரைச்சலால் நித்திரை இல்லை, யானை விரட்ட வெடி தந்துதவவும்.’ எல்லாம் கமக்காரரின்ர கடிதங்கள்.”

“யானையை விட்டிட்டு ஆளைத் தேடும்.”

“அப்ப இப்பிடி அடிப்பம். ‘நித்திரை’, பிறகு ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரக் குறி, பிறகு ‘ஏகமனதாக’. நடுவில என்ன கிடந்தாலும் பறவாயில்லை, முதல்ல அது, பிறகு இது, ரெண்டும் ஒரே வரியில இருக்கோணும் எண்டு அர்த்தம்.”

“கெட்டிக்காரி. பிரேமிளாவின்ர பெட்டியில இருந்து தொடங்கும்.”

பிரேமிளாவின் பெட்டியில் ஒன்றுமில்லை. குகதாசனுக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தரம் தேடச் சொன்னார். அப்போதும் ஒன்றுமில்லை. சாரதியின் பெட்டி, களஞ்சியப் பொறுப்பாளரின் பெட்டி, போன வருடம் விலகிப்போனவரின் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் துழாவியும் திரை வெறுமையாகவே இருந்தது. மணி ஒன்றரை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இனி ஆரின்ர பெட்டி கிடக்கு?”

“உங்கடது மட்டும்தான், சேர்” என்றாள் யதுர்ஷிகா தயங்கியபடி.

“அதையும் பாக்கத்தானே வேணும்?” என்றார் பிரேமிளா, கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “நியாயம் எண்டால் எல்லாருக்கும் ஒண்டுதானே.”

“தாராளமாப் பாரும்” என்று குகதாசன் நெஞ்சை நிமிர்த்தினார். “ஒளிக்க என்னட்ட ஒண்டுமில்லை. பிறகு ஒருத்தரும் கதைக்கக் கூடாது.”

யதுர்ஷிகா விசையைத் தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அவள் அந்தக் கடிதத்தைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு மெல்லத் திரும்பினாள்.

“இது வடக்கு வாய்க்காலில கமம் செய்யிற வடிவம்மா பேரும் போட்டு எழுதின கடிதம், சேர். எந்தக் கடிதமும் செயலாளர் ஊடாகத்தான் மேல போகோணும் எண்டு நீங்கள் அறிவிச்சிருக்கிறியள்தானே. அவா முறைப்படி உங்களுக்குத்தான் அனுப்பியிருக்கிறா. தலைமையகத்துக்கு அனுப்பினது நீங்கள்தான். கீழ உங்கட குறிப்பும் கிடக்கு.”

“என்ன குறிப்பு?”

“‘கவனமாக வாசித்தேன். இதில் கூறப்பட்டவை யாவும் உண்மையென உறுதிப்படுத்தி, பலமாகச் சிபார்சு செய்கிறேன்.’”