பச்சைப் போர்வை

நவம்பர் 12. நேற்று தொலைபேசியில் உளறிவிட்டேன். நாங்கள் பழக்கும் பிஷப் என்ற குதிரை இன்னும் ஒரு வேலியைக்கூடத் தாண்டவில்லை என்று அதன் சொந்தக்காரர் குவிர்க்கிடமே சொல்லிவிட்டேன். இன்று காலை, குதிரையை வேறு பயிற்சியாளரிடம் கொண்டுபோக அவர் வண்டியோடு வந்துவிட்டார். எங்கள் லாயத்துக்குப் படியளப்பவர் அவர் ஒருவர்தான்.

பயிற்சியாளர் டெர்வ்லா பதறவில்லை. "ஒரு தடவ பாத்துட்டு ஓட்டிட்டுப் போங்க சார்."

குவிர்க்கின் பெயர் தைத்த பச்சைப் போர்வையுடன் வந்த குதிரையில் டெர்வ்லாவே ஏறி, பயிற்சித் திடலின் மூன்று வேலிகளையும் அநாயாசமாகத் தாண்டிக் காட்டினார்.

"ஏம்பா, இதுவா தாண்டாது? கண் டாக்டரப் போய்ப் பாரு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, குவிர்க் வெறும் வண்டியோடு திரும்பினார்.

எனக்கே என் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார் டெர்வ்லா, போர்வையை உருவியபடி. "அவருக்குக் குதிர முகமா தெரியும்? போர்வதான் தெரியும். இது பக்கத்துப் பண்ணைக் குதிர."

நாளைய வேலை: இந்தக் குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிஷப்பைத் தாண்ட வைக்க வேண்டும்.