என் பெயர் கொண்ட புள்ளிகள்

இன்று புதிதாக எதையாவது காட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். ஒளிரும் சாயமிட்ட ஸ்லைடை நுண்ணோக்கியில் படமெடுத்தேன். ஒரே மங்கல். மங்கலை நீக்கும் மென்பொருளில் போட்டேன். அதைச் சில சுற்று ஓடியதும் நிறுத்தச் சொல்வார்கள். நான் பயத்தில் ஓடவிட்டுக்கொண்டே இருந்தேன்.

திரையில் மணிமணியாகப் புள்ளிகள் தெளிந்தன. இதுவரை யாரும் பார்க்காதவை.

பேராசிரியர் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார்.

“அடேயப்பா! செல்லுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“இதுக்கு என் பேரை வைக்கலாம்னு இருக்கேன் சார்.”

“என் பேரையும் சேர்த்துக்கோ. என்னுது முதல்ல வரட்டும். உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

அதே ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரிக்கும் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, இது நீலக் கோடு போட்ட ஸ்லைடா?”

“ஆமா. அதுலதான் செல் எல்லாம் பிரமாதமா...”

“அதுல செல்லே வைக்கலை. ஒப்பிட்டுப் பார்க்க வச்ச வெறும் ஸ்லைடு. இப்படி ஓடவிட்டா வெறும் கண்ணாடியிலயும் புள்ளி முளைக்கும். காலையிலயே சொன்னேனே, எங்க காதுல வாங்குனீங்க?”

பேராசிரியர் நிமிர்ந்தார். என் தோளைத் தட்டினார்.

“என் பேரை எடுத்துடுப்பா. உன் உழைப்புல நான் பங்கு கேட்கக் கூடாது.”